மட்டாஞ்சேரியில் ஒரு மறுமொழி

“மட்டாஞ்சேரிக்குப் போய் வந்தாயாமே! டச்சு அரண்மனையைப் பார்த்தாயா? யூதர் கோயிலைப் பார்த்தாயா?” என்று மன்றத்து நண்பர்கள் சில வாரங்களாக என்னைக் கேட்டவண்ணம் இருக்கின்றனர். அரண்மனையின் மதிலைப் பார்த்தேன். கோயிலின் மணிக்கூண்டையும் பார்த்தேன். இரண்டையும் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தேன். நான் போனது பழமை காண்பதற்கு அன்று. பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்த ஒரு கருவி பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று கண்டுவர அனுப்பப்பட்டேன். அந்த ஒரு முற்பகலில் கண்டதை மலருக்கு எழுதித் தரும்படி மன்றச் செயலாளர் கேட்டார். பொறியியல் பயிலும் நண்பர்களுக்கு இதில் பாதி தெரிந்த செய்தியாகவே இருக்கும். இலக்கியமும் பொருளியலும் பயில்வோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எர்ணாகுளத்தில் ஒரு நிறுவனம். பிறருடைய கணினி வலைகளைத் தொலைவில் இருந்தபடியே காத்துத் தருவது அதன் தொழில். விடுமுறைப் பயிற்சிக்காக இரண்டு திங்கள் அங்கே சேர்ந்திருந்தேன். கூடத்துச் சுவரில் ஆள் உயரத் திரை ஒன்று உண்டு. அதில் வரிசை வரிசையாகக் கருவிகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால், “எட்டவில்லை”. வயலுக்குப் புறப்படும் உழவன் முதலில் வானத்தைப் பார்ப்பதுபோல், காலையில் வந்ததும் அனைவரும் அந்தத் திரையைத்தான் பார்ப்பார்கள்.

சென்ற டிசம்பரில் ஒரு நாள் மட்டாஞ்சேரிப் புள்ளி சிவந்திருந்தது. அங்கே பஜார் சாலையில், மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் வணிகர் ஒருவருடைய கிடங்கு இருக்கிறது. நாம் பண்டகசாலை என்பதை மலையாள நண்பர்கள் ‘பாண்டிகசாலை’ என்பார்கள்; சொல் ஒன்றுதான், கடலோரத்தில் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அந்தப் பெரிய கட்டடத்தில் எட்டு இடங்களில் வைஃபை பெட்டிகள் மாட்டியிருக்கிறார்கள். நீ இந்த அலைவரிசையில் பேசு, நீ இந்தக் கருவியை உள்ளே விடு, நீ பக்கத்துப் பெட்டியோடு மோதாதே என்று அந்த எட்டுக்கும் சொல்லி மேய்ப்பது ஒரு தலைமைக் கருவி. அதற்கு கண்ட்ரோலர் என்று பெயர். மூட்டையிலும் கூடையிலும் ஒட்டிய பட்டைக்கோட்டைக் கையடக்கக் கருவியால் படித்தால், தராசு காட்டும் எடையும் சேர்ந்து, இந்த வைஃபை வழியே, கிடங்கிலேயே உள்ள கணினியில் போய்ப் பதியும். தாளில் எழுதும் வேலை அங்கே ஒழிந்துபோய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன.

மூத்த பொறியாளர் தம் இருக்கையில் இருந்தபடியே கண்ட்ரோலருக்குப் ‘பிங்’ விட்டார். மறுமொழி இல்லை. கிடங்கின் வாசலில் உள்ள ரூட்டருக்கு விட்டார். உடனே மறுமொழி வந்தது.

இந்தப் பிங் என்ற சொல்லைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் படைத்துறை ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் எழுதிய சிறு நிரல் அது. தண்ணீருக்கு அடியில் ஒலியை விட்டு, அது எதன்மேலாவது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, அங்கே ஏதோ இருக்கிறது என்று கப்பற்படையினர் அறிகின்றனர் அல்லவா? அந்தச் சோனார் கருவி எழுப்பும் ஒலியின் பெயரையே தம் நிரலுக்கு வைத்தார் மூஸ். நம் கொச்சிக்கு இந்தச் சொல் அயலானது அன்று. திருக்காக்கரையில் உள்ள கடற்படை இயற்பியல் மற்றும் கடலியல் ஆய்வகத்தில் நம் கடற்படைக்கான சோனார்களை வடிவமைக்கிறார்கள். எதிரொலி திரும்பினால் பொருள் இருக்கிறது என்பது உறுதி. திரும்பாவிட்டால்? பொருள் இல்லாமல் இருக்கலாம். ஒலி போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்து, திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். மூன்றையும் கேட்பவன் காது பிரித்தறியாது. சுவரில் இருந்த செம்புள்ளியும் அப்படித்தான். மூன்று நோய்க்கும் அதனிடம் இருந்தது ஒரே சொல்.

ரூட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து கண்ட்ரோலரைத் தட்டிப் பார்த்திருந்தால் பாதி ஐயம் அப்போதே தீர்ந்திருக்கும். ஆனால் ரூட்டர், இணைப்புத் தரும் நிறுவனத்தின் உடைமை. அதில் நுழையும் உரிமை எங்களுக்கு இல்லை. கிடங்குத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. “கருவி செத்துவிட்டது” என்று முடிவு செய்தார் மூத்தவர். “நீ போய் அதை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடு. உயிர் வந்தால் நல்லது. வராவிட்டால் நண்பகலுக்குள் புதுக் கருவியோடு ஆள் அனுப்புகிறேன்.” மடிக்கணினியும், கன்சோல் கேபிள் எனப்படும் ஒரு நீலக் கம்பியும் என் கையில் தரப்பட்டன. கருவியின் காதில் நேராகச் செருகி, வலையின் துணை இல்லாமலே அதனோடு பேச உதவும் கம்பி அது. ஊரெல்லாம் கம்பியில்லாமல் பேசும் காலத்தில், கடைசித் துணை இந்த ஒரு முழக் கம்பிதான் என்பது எனக்கு அன்றும் வியப்பு, இன்றும் வியப்பு.

உயர்நீதிமன்றத் துறையில் இருந்து நீர் மெட்ரோவில் ஏறினேன். 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தப் படகுப் பணி 2025 அக்டோபரில்தான் மட்டாஞ்சேரிக்கு நீண்டது. அதற்கு முன் என்றால் தோப்பும்படி வழியாகப் பேருந்தில் சுற்றி, நெரிசலில் நின்று போயிருப்பேன். அரண்மனைக்கு அருகே இறங்கி, யூதத் தெரு வழியாக நடந்தேன். 1760இல் எழுப்பிய மணிக்கூண்டின் முகங்களில் முகத்துக்கு முகம் வேறு வேறு எண் வரிவடிவம். ஒரு பக்கம் நிற்பவனுக்கு மறுபக்கத்து எண் தெரியாது; மணி என்னவோ ஒன்றுதான். பஜார் சாலைக்குள் திரும்பியதும் சுக்கின் காரமும் மிளகின் நெடியும் மூக்கைப் பிடித்தன. முகவரி கேட்கவே வேண்டியதில்லை, நண்பர்களே! மூக்கு போன வழியே கால் போகலாம்.

கிடங்குக்குள் கால் வைத்தவன் திகைத்து நின்றேன். செத்துப்போன வலையை எதிர்பார்த்துச் சென்ற என் காதில் விழுந்தது, கையடக்கக் கருவிகளின் ‘கீச், கீச்’ என்னும் ஒலி! சுமட்டுத் தொழிலாளர் மூட்டைகளை இறக்குகின்றனர். ஒருவர் பட்டைக்கோட்டைப் படிக்கிறார். தராசின் எண் கணினித் திரையில் ஏறுகிறது. உள் முற்றத்தில் முப்பது பெண்கள் வரிசையாக அமர்ந்து சுக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். கூடை நிறைந்ததும் ஒருவர் எழுந்து தராசடிக்கு வருவார், கருவி கீச்சிடும், அவர் பெயருக்கு நேரே எடை ஏறும். எர்ணாகுளத்துத் திரையில் இறந்துவிட்ட கண்ட்ரோலர், மட்டாஞ்சேரியில் எட்டுப் பெட்டிகளையும் மேய்த்துக்கொண்டு, சிறு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

கிடங்கின் கணக்கர் போடிநாயக்கனூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். ஏலக்காய் வணிகத்தோடு இளமையில் மலையேறி, மிளகோடு கடற்கரைக்கு இறங்கியவர். தமிழ்க் குரல் கேட்டதும் முகம் மலர்ந்தார். “தொலைபேசியா? எல்லாரும் தராசடியில் இருக்கிறோம் தம்பி. யார் போய் எடுப்பது? ஆமாம், என்ன காரியமாக வந்தீர்கள்?” என்றார்.

“கண்ட்ரோலரை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும் ஐயா.”

மலர்ந்த முகம் சுருங்கிற்று. மாடிப்படியின் அடியில் இருந்த இரும்புப் பெட்டிக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். “அதுதான் நன்றாக ஓடுகிறதே. ஓடுவதை ஏன் அணைக்க வேண்டும்?”

“எங்கள் அலுவலகத்துக்கு அது எட்டவில்லை ஐயா.”

“உங்களுக்கு எட்டவில்லை என்றால் அது எங்கள் குற்றமா, உங்கள் குற்றமா?”

விளையாட்டாகச் சொன்னாரோ, சினந்து சொன்னாரோ, தெரியவில்லை. ஆனால் காரணத்தை விளக்கினார். முற்றத்துப் பெண்களுக்குக் கூலி, தரம் பிரித்த எடைக்கு. நாள் கூலி அன்று. முன்பு ஒருமுறை இப்படித்தான் யாரோ வந்து நடுப்பகலில் கருவியை அணைத்திருக்கிறார்கள். அது திரும்ப எழுந்து, எட்டுப் பெட்டிகளும் அதனோடு சேர்ந்து, கையடக்கக் கருவிகள் மீண்டும் உள்ளே வரும்வரை தராசடியில் கூடைகள் குவிந்துவிட்டன. எந்தக் கூடை யாருடையது என்று பூசல். ஒவ்வொருவரும் நினைவில் இருந்து ஒரு கணக்குச் சொன்னார்கள். “அன்றைக்கு மூன்று பேருக்குக் கூலி குறைந்தது தம்பி. குறையவில்லை என்று நான் அடித்துப் பேச முடியாது. ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு அம்மாள் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதே இல்லை. முதலில் பாருங்கள், பிறகு கை வையுங்கள்.”

அவர் கேட்டது நேர்மையான கேள்வி. எங்கள் நிறுவனத்தின் ஏட்டில் அந்தக் கருவிக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, வாங்கிய நாள் உண்டு. அது நின்றால் யாருடைய கூடை எடை இழக்கும் என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. நான் மூத்தவரை அழைத்தேன். “சார், இங்கே எல்லாம் ஓடுகிறது. அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் பார்க்கிறேன்” என்றேன். மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. புதுக் கருவி வண்டியில் ஏறிவிட்டது என்பது நன்றாகவே புரிந்தது. எனினும் பத்து நிமிடம் கொடுத்தார்.

மடிக்கணினியைக் கிடங்கின் ஸ்விட்சில் செருகி, கண்ட்ரோலருக்குப் பிங் விட்டேன். பட்டென்று மறுமொழி வந்தது. ஆக, உள்ளூரில் கேட்டால் பேசுகிறது. வெளியூரில் இருந்து கேட்டால் பேசவில்லை. ரூட்டர் நலம், கருவி நலம். பிறகு எது நலமில்லை?

ஒரே தெருவில் உள்ள இரண்டு வீடுகள் ஒன்றோடொன்று பேசத் தபால்காரர் வேண்டியதில்லை. எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் போதும். கணினி வலையிலும் அப்படியே. ஒரே வலைக்குள் இருக்கும் கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். வெளியூருக்குச் செல்லும் செய்தியை மட்டும் ‘கேட்வே’ எனப்படும் வாசல் கருவியிடம் கொடுக்க வேண்டும். அந்த வாசலின் எண்ணை ஒவ்வொரு கருவியும் தெரிந்து வைத்திருக்கும். எண் தெரிந்தால் போதாது. அந்த எண்ணுக்கு உரியவர் கம்பியில் எங்கே இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. 1982இல் டேவிட் பிளம்மர் என்பவர் எழுதி வைத்த முறை. ஏஆர்பி என்று பெயர். “இந்த எண்ணுக்கு உரியவர் யார்? எனக்குச் சொல்லுங்கள்!” என்று கருவி தெரு முழுவதும் கேட்கும்படி உரக்கக் கூவும். உரியவர் மட்டும், “நான்தான்” என்பார். தெரு முழுவதற்கும் கூவுவதால், தெருவில் நிற்கும் எவரும் அந்தக் கூவலைக் கேட்கலாம். நான் அப்போது அந்தத் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கம்பியில் ஓடும் செய்திகளைப் படித்துக் காட்டும் நிரலை மடிக்கணினியில் திறந்துவிட்டு, மூத்தவரை மறுபடி அழைத்தேன். “சார், இப்போது பிங் விடுங்கள்.” விட்டார். அவர் திரையில் வழக்கம்போல் ஒன்றும் இல்லை. என் திரையில் ஒரு வரி எழுந்தது. கண்ட்ரோலர் கூவுகிறது: “இறுதியில் 1 என்று முடியும் எண்ணுக்கு உரியவர் யார்? எனக்குச் சொல்லுங்கள்!” மறுமொழி இல்லை. ஒரு விநாடி கழித்து மறுபடியும் அதே கூவல். “நிறுத்துங்கள் சார்” என்றேன். கூவல் அடங்கிற்று. “விடுங்கள்.” மீண்டும் எழுந்தது.

நண்பர்களே, அந்த ஒரு கணத்தை எப்படிச் சொல்வேன்! எர்ணாகுளத்தில் இருந்து விட்ட ஒவ்வொரு கேள்வியும் அதன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அது மறுமொழி எழுதிக் கையில் ஏந்திக்கொண்டு, வாசல் எங்கே, வாசல் எங்கே என்று இரவு முழுவதும் கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வாசல் அங்கே இல்லை. செவிடும் இல்லை, ஊமையும் இல்லை. திரும்பும் வழி மட்டும் அதற்குத் தெரியவில்லை. நாங்கள் அதற்குச் சாவுச் சீட்டே எழுதிவிட்டோம்.

வாசல் ஏன் இல்லை? கணக்கரைக் கேட்டதும் விளங்கிற்று. எட்டுத் திங்களுக்கு முன் கிடங்கு தன் இணைப்பை ஒரு நிறுவனத்திடம் இருந்து வேறொன்றுக்கு மாற்றியது. பழைய ரூட்டர் போயிற்று. புது ரூட்டர் வந்தது. பழையதன் எண் 1 என்று முடியும். புதியதன் எண் 254 என்று முடியும். மற்றக் கருவிகள் எல்லாம் வாசலின் எண்ணைப் புது ரூட்டரிடமே கேட்டுப் பெற்றுக்கொள்பவை; அவற்றுக்குத் தொல்லை இல்லை. கண்ட்ரோலருக்கு மட்டும் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். யாரோ வந்து எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். எட்டுத் திங்கள் ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. முன் இரவு 2 மணிக்கு மின்சாரம் போயிற்று. யூபிஎஸ்ஸின் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, தாங்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் கருவி எழுந்தது. எழுந்தபோது அதன் நினைவில் பழைய வாசலே இருந்தது.

இதற்கு விளக்கம் எளிது. இத்தகைய கருவிகளுக்கு இரண்டு நினைவுகள் உண்டு. ஓடும்போது பயன்படுவது ஒன்று. மின்சாரம் போனால் அழிந்துவிடும். எழும்போது படித்துக்கொள்வது மற்றொன்று, அழியாது. புதிதாக ஒன்றை எழுதினால் அது முதலாவதில்தான் ஏறும். ‘சேமி’ என்று தனியாகக் கட்டளை கொடுத்தால்தான் இரண்டாவதில் பதியும். அன்று வந்தவர் முதலாவதில் எழுதிவிட்டு, எல்லாம் ஓடக் கண்டு, மன நிறைவோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் இதை விளக்கத் தடுமாறிக்கொண்டிருக்கையில் கணக்கர் கையை உயர்த்தி நிறுத்தினார். “சிட்டையில் எழுதினார்கள், பேரேட்டில் ஏற்றவில்லை. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். வகுப்பில் இதே செய்தியை ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன்.

அணைத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது மறுபடி பேரேட்டைத்தான் படித்திருக்கும். பழைய வாசலையே தேடியிருக்கும். எர்ணாகுளத்தில் புள்ளி சிவப்பாகவே இருந்திருக்கும். “பார்த்தாயா, செத்துத்தான் போயிற்று” என்று புதுக் கருவியை மாட்டியிருப்போம். மாட்டி, எட்டுப் பெட்டிகளையும் அதனோடு பழக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். முப்பது பேருடைய அரை நாள் எடை மறுபடியும் நினைவுக் கணக்காகியிருக்கும்.

நீலக் கம்பியைச் செருகினேன். மூத்தவர் நுழைவுச் சொல்லைத் தொலைபேசியில் சொன்னார். பழைய வாசலை நீக்கிப் புது வாசலை எழுதும் வரி ஒன்று. சேமிக்கும் வரி ஒன்று. இரண்டே வரி. தராசடியில் ஒரு கீச்சொலிகூடத் தவறவில்லை. “பச்சை!” என்றார் மூத்தவர், எர்ணாகுளத்தில் இருந்து. புதுக் கருவியோடு புறப்பட்ட வண்டி பாலத்தில் இருந்தே திரும்பிற்று என்று பிறகு அறிந்தேன்.

கணக்கர் தேநீர் வரவழைத்தார். இளமையில் தாம் தந்தி கொடுத்த கதையைச் சொன்னார். மிளகின் விலை காலைக்கும் மாலைக்கும் மாறும் ஊர் இது. வெளியூர் வணிகருக்குத் தந்தி அடித்து, அவருடைய விடையையும் தந்தியிலேயே வாங்க வேண்டியிருக்கும். விடைக்கு உரிய கட்டணத்தையும் முன்னதாகவே கட்டிவிடும் முறை ஒன்று தந்தி நிலையத்தில் உண்டு. “கேள்வியை அனுப்பினால் போதாது தம்பி, பதில் வருவதற்கும் நாமே வழி செய்து அனுப்புவோம்” என்றார். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திப் பணி நின்றுபோனபோது தமக்கு ஒரு பங்காளி இறந்ததுபோல் இருந்தது என்றும் சொன்னார். அப்படிப்பட்ட உணர்ச்சி நம் தலைமுறைக்கு எந்தக் கருவியிடமாவது வருமா என்பது எனக்கு ஐயமே.

திரும்பி வந்தபின் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தேடிப் படித்தேன். பெரிய இடத்துக் கதை ஒன்று உங்களுக்கும் நினைவிருக்கும். 2021 அக்டோபர் 4 அன்று, நம் நேரப்படி இரவு ஒன்பது மணி அளவில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் உலகெங்கும் நின்றுபோயின. ஏறத்தாழ ஆறு மணி நேரம். விடுதி அறைகளில் பலரும் தத்தம் தொலைபேசியை அணைத்து அணைத்துப் போட்டது எனக்குத் தெரியும்! பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் வலையின் எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய காவல் நிரலில் ஒரு பிழை, அது தடுக்கவில்லை. இனி நடந்ததுதான் நம் மட்டாஞ்சேரிக் கதைக்கு உறவு. அந்நிறுவனத்தின் பெயர்களைக் கேட்போருக்கு வழி சொல்லும் டிஎன்எஸ் கருவிகள் நல்ல உயிரோடுதான் இருந்தன. தரவு மையங்களைத் தொட முடியாமற்போனதும், தம்மிடம்தான் குறை என்று கொண்டு, “எங்களிடம் வராதீர்கள்” என்று உலகத்துக்கு அறிவித்து ஒதுங்கிக்கொண்டன. அப்படி நடந்துகொள்ளும்படிதான் அவற்றை அமைத்திருந்தார்கள். இருந்தும் இல்லாதவை ஆயின. பொறியாளர் வழக்கமாக உள்ளே நுழையும் வழியும் அதே வலையில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. ஆட்களை நேரில் அனுப்பினார்கள். பிறர் எளிதில் நுழைய முடியாதபடி கட்டிய மையங்களில், உரியவர்கள் உள்ளே போய்க் கருவியில் கை வைக்கவும் நேரம் பிடித்தது. அவர்களை நினைக்கையில், இரும்புப் பெட்டியின் முன் நின்ற போடிக்காரர் எவ்வளவோ எளியவர்!

இன்னொரு கதை மிகத் தொலைவில் நடந்தது. 1977இல் விண்ணில் ஏவிய வாயேஜர்-1, 2023 நவம்பரில் பொருளற்ற ஒலியை அனுப்பத் தொடங்கிற்று. சுழியமும் ஒன்றும் ஒரே கோலமாக வந்துகொண்டிருந்தன. அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு கேள்வி போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். விடை வர மற்றோர் இருபத்திரண்டரை மணி நேரம். நீலக் கம்பியோடு யாரை அனுப்புவது! கலம் கட்டளைகளைப் பெற்று வந்தது என்பது தெரிந்தது, மறுமொழிதான் குலைந்திருந்தது. 2024 மார்ச்சுத் தொடக்கத்தில், குறிப்பிட்ட கணினி ஒன்றை மெல்லத் தட்டிப் பார்க்கும் கட்டளை ஒன்றை அனுப்பினார்கள். வந்த மறுமொழி மற்றவற்றினின்று சற்றே வேறுபட்டிருந்தது. அதைப் பிரித்துப் படித்தபோது, அக்கணினியின் நினைவகம் முழுவதும் அதற்குள் இருந்தது. பழைய, நல்ல காலத்துப் படியோடு ஒப்பிட்டார்கள். நினைவகத்தின் ஒரே ஒரு சில்லு கெட்டிருந்தது. அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி எழுதினார்கள். ஏப்ரல் 20 அன்று கலம் தன் உடல்நலத்தைத் தெளிவாகச் சொல்லிற்று. ஐந்து திங்கள்! அதனிடம் அணைத்துப் போடும் பேச்சை எடுக்க யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

தொலைவு மிகுந்த இடத்தில் பொறுமையும், படகில் அரை மணி நேரம் போனால் தொடக்கூடிய இடத்தில் அவசரமும் ஏன் வருகின்றன என்று பலநாள் எண்ணினேன். பக்கத்தில் இருப்பதைத் தெரிந்ததாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம் போலும். மூத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. நாளொன்றுக்கு அவர் பார்க்கும் செம்புள்ளிகளில் பெரும்பாலானவை அணைத்துப் போட்டால் பச்சையாகிவிடுகின்றன. அதனால் அந்த மருந்தில் அவருக்கு நம்பிக்கை. நான் குறை சொல்வது அந்தத் திரையை. உயிர் போனதற்கும் வழி போனதற்கும் ஒரே நிறம் காட்டும் திரை, பார்ப்பவர் கையைத் தவறான பொத்தானுக்கே இழுக்கும்.

அன்று மாலை மூத்தவர் என்னை அழைத்து எல்லாவற்றையும் விளக்கமாகக் கேட்டார். கூலிக் கதையையும் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மட்டாஞ்சேரிக் கிடங்குக்கு ஒரு சிறு மோடம் வாங்கக் கடிதம் எழுதினார். கைபேசிச் சிம் போட்டு, நீலக் கம்பி வழியே கண்ட்ரோலரின் காதோடு எப்போதும் இணைந்திருக்கும் மோடம் அது. கிடங்கின் வலை முழுவதும் விழுந்தாலும், அந்தத் தனி வழியே உள்ளே போகலாம். விலை அதிகம் இல்லை. ஆனால் ஒரு கிடங்குக்கு வாங்கினால் மற்றவர்களும் கேட்பார்களே என்று கணக்குப் பிரிவில் ஒரு வாரம் தயங்கினார்கள். கடைசியில் வந்தது. யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும் மாற்றினார்கள். திரையைக் காக்கும் நிரலிலும் ஒரு மாற்றம் செய்தார் மூத்தவர்: ரூட்டர் பேசி, அதன் பின்னால் உள்ள கருவி பேசாவிட்டால் இனி மஞ்சள் புள்ளி; “அணைக்காதே, கேள்” என்ற குறிப்பு மலையாளத்தில்.

எஞ்சிய பயிற்சி நாள்களில் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே. நிறுவனம் காத்துவரும் பதினொரு கிடங்குகளின் கருவிகளுக்குள் இரவில், கூடைகள் ஓய்ந்த நேரத்தில் நுழைந்து, ஓடும் நினைவையும் எழும் நினைவையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். சலிப்பான வேலை, புள்ளி வேறுபட்டாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். எட்டுக் கிடங்குகளில் இரண்டும் ஒத்திருந்தன. மூன்றில் ஒத்திருக்கவில்லை, ஒன்றில் வாசல் எண், மற்ற இரண்டில் நுழைவுச் சொல். அந்தக் கிடங்குகளில் மின்சாரம் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். மூன்றையும் அந்த இரவே பேரேட்டில் ஏற்றினேன்.